தூத்துக்குடியில் ஒரு பெரிய குக்கர்!

ஆடி பிறக்கப் போகிறது என்றாலே தூத்துக்குடிக்காரர்களுக்கு இருப்புக் கொள்ளாது. ஜூலை 26-ல் பனிமய மாதா கோவிலில் கொடி ஏறும். ஆகஸ்ட் 5-ல் திருவிழா. நாங்கள் இந்துக்கள்தான். ஆனாலும் அந்த நாட்களில் ஒரு தடவையாவது கோவில் வாசலில் போய் நிற்காமல் என் அம்மா இருந்ததில்லை. போன வருடம் போய்விட்டு வந்தவள், "ஏட்டி, மாதா முகமே தெரியல. வெறும் வெளிச்சமாத்தான் இருக்கு" என்று போனில் சொன்னபோது எனக்குத் துணுக்கென்றது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, "இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. வலது கண்ணை முதலில் செய்துவிடலாம்" என்றார்.

"மதுரைக்கு வந்துடும்மா, எங்க வீட்டில் இருந்து பார்த்துக்கலாம்" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். "என் ஊருல ஆஸ்பத்திரி இல்லையா? நான் எங்கயும் வரல" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன? நான்கு நாளைக்கு மாவு அரைத்து வைத்து, குழம்புப் பொடி டப்பாவை வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டு, ஜூன் மாதம் ஒரு விடியற்காலையில் பஸ் ஏறினேன்.

அருப்புக்கோட்டை தாண்டினால் கரிசல் காடு. அப்புறம் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலுள்ள வடமலாபுரம் என்ற கிராமத்தில்தான் 1918-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பிறந்தார். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன பிறகும், தனக்கேற்ற கருவிகளைச் செய்துகொண்டு ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே. அவர் பிறந்த மண்ணைக் கடந்து போகிறோம், நல்லதே நடக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தூத்துக்குடி நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்தால் கண் கூசும். பாத்தியில் நின்று நாள் முழுவதும் உப்பு வாருகிற பெண்களை நினைத்துக்கொண்டேன். கண் என்பது எவ்வளவு பெரிய சொத்து!

பயம் பிடித்துக்கொண்டது

நாங்கள் போனது ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. என் அக்கா மகள் அங்கேதான் நர்ஸாக இருக்கிறாள். சேர்க்கும் இடத்தில் ஒரு பெண் கேட்டாள்: "அம்மாவுக்கு டிஸ்போஸபிள் கிட் போடணுமா? இல்லை, இங்கே சுத்தம் பண்ணுகிற துணியும் சாமானுமே போதுமா? கிட்டுக்குத் தனிப் பணம்."

'கிட்' என்றால், டாக்டர் போடும் அங்கி, நோயாளியின் மேல் போர்த்தும் விரிப்பு, சில சிறு கருவிகள் எல்லாம் உறையில் புத்தம் புதிதாக வரும். ஒருவருக்குப் போட்டதும் குப்பைக்குப் போய்விடும். விலையைக் கேட்டேன். அம்மாவின் ஒரு மாத மளிகைக் கணக்கைத் தாண்டியது. ஆனாலும் நான் யோசிக்கவே இல்லை. "கிட்டே போட்டுடுங்க" என்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. என் மூத்தவன் சிசேரியனில் பிறந்தான். வேறு ஊரில், ஒரு நர்ஸிங் ஹோம். தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, காய்ச்சலும் வலியுமாக மூன்று வாரம் படுத்தேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தூக்கக்கூட முடியவில்லை. அன்றிலிருந்து, ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தரிக்கோலை இன்னொருவருக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அக்கா மகள் சிரித்தாள். "சித்தி, வீட்டிலே சாதம் வடிக்கிற பானையைத் தினமும் தூக்கியா போடறீங்க? கழுவற விதத்திலேதானே இருக்கு! ஆபரேஷன் நாளைக்குத்தான். பணம் கட்டறதுக்கு முன்னாடி என்கூட வந்து ஒரு தடவை பாருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

கருவிகளைச் சுத்தம் செய்யும் அறைக்குள் வெளியாரை விடமாட்டார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது, அறை இரண்டாகப் பிரிந்திருந்ததுதான். ஒரு பக்கம் ஆபரேஷன் முடிந்து வரும் கருவிகள். மறுபக்கம் சுத்தமானவை. இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம் தவறிக்கூடப் போகாது. 'அட, நம் பாட்டிமார் எச்சில் பாத்திரத்துக்கும் சமையல் பாத்திரத்துக்கும் பார்த்த அதே வித்தியாசம்தான்!' என்று தோன்றியது.

"முதல் வேலை கழுவுவதுதான், சித்தி. அழுக்கு ஒட்டியிருந்தால் எவ்வளவு சூடு வைத்தாலும் அதுக்கு அடியில் கிருமி ஒளிஞ்சுக்கும்" என்றாள். ரத்தம் காய்வதற்குள் ஊறப்போட வேண்டுமாம். அதையும் சலைனில் ஊறவைக்கக் கூடாதாம். உப்பு, எவர்சில்வரைக்கூடப் பொட்டுப் பொட்டாக அரித்துவிடும். ரத்தத்திலும் உப்பு உண்டு. ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கிற ஊரில் பிறந்த எனக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய தண்ணீர்தான். ஒழுங்காகக் கழுவித் துடைத்து வைத்தால் ஒரு நல்ல கத்தரி பல வருடம் உழைக்கும்; கவனக்குறைவாக இருந்தால் சீக்கிரமே குப்பைக்குப் போகும். ஆஸ்பத்திரிச் செலவு கூடுகிற முதல் இடம் இதுதான்.

கழுவி, உலர்த்தி, பூதக்கண்ணாடியில் பார்த்து, துணியில் மடித்துக் கட்டி, அதற்கப்புறம்தான் ஆட்டோகிளேவ். பெரிய எவர்சில்வர் பெட்டி, கனமான கதவு. "இது நம்ம குக்கர்தான், சித்தி!" என்றாள் அக்கா மகள்.

அது வேடிக்கைப் பேச்சில்லை. 1679-ல் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை வேகவைக்க ஆவி அடைக்கும் பாத்திரம் செய்தார். 1879-ல் லூயி பாஸ்டரோடு வேலை செய்த சார்லஸ் ஷாம்பர்லான் அந்த யோசனையைக் கொண்டுதான் ஆட்டோகிளேவை உண்டாக்கினார். ஆக, அடுப்படிதான் முன்னால், ஆஸ்பத்திரி பின்னால்! திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் சாகாத கிருமி வித்துகள் உண்டு. 15 பவுண்டு அழுத்தத்தில் ஆவி 121 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் துணிக் கட்டுகளை அரை மணி வைப்பார்கள். 134 டிகிரி என்றால் சில நிமிஷமே போதும்.

ஆனால் குக்கருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பெட்டிக்குள் காற்று தங்கிவிட்டால் அந்த இடத்தில் சூடு ஏறாது. அதனால் காற்றை முழுக்க வெளியேற்றி, கடைசியில் கட்டுகளை உலர்த்தியும் கொடுக்க வேண்டும். சூடு சரியாக ஏறியதா என்று தெரிய, கட்டின் மேல் ஒரு நாடா ஒட்டுகிறார்கள். ஆவி பட்டதும் அதில் கறுப்புக் கோடு விழும். அதோடு விடாமல், சூட்டுக்கு எளிதில் சாகாத கிருமியின் வித்துகள் உள்ள சின்னக் குப்பியையும் அவ்வப்போது உள்ளே வைத்து, அது செத்ததா என்று பார்க்கிறார்கள்.

"வெளியே எடுக்கும்போது கட்டு ஈரமாக இருந்தால் அது சுத்தமில்லை, சித்தி. ஈரத் துணி வழியா வெளிக் கிருமி உள்ளே போயிடும். மறுபடியும் முதல்லேர்ந்து செய்யணும்" என்றாள்.

எனக்கு 'பளிச்'சென்று ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. மூத்தவன் பிறந்த அன்று, என்னை மேஜையில் படுக்கவைத்தபோது, பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு பச்சைத் துணிக் கட்டு இருந்தது. அதன் மேல் என் கை தற்செயலாகப் பட்டது. சில்லென்று ஈரமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஈரம் மறக்கவில்லை. ஆனால் அதற்கு அர்த்தம் இன்றுதான் தெரிந்தது. அதனால்தான் சீழ் பிடித்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பழைய கருவி என்பதல்ல குற்றம், அவசர அவசரமாகச் செய்ததே குற்றம் என்று மட்டும் புரிந்தது.

வீண் எங்கே போகிறது?

செலவைக் குறைக்க அந்த ஆஸ்பத்திரியில் செய்வதெல்லாம் ஒரு நல்ல குடும்பத் தலைவி செய்வதுதான். பெட்டி நிறையாமல் ஓட்டுவதில்லை. அரைப் பெட்டிக்கும் முழுப் பெட்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே மின்சாரம் ஆகுமே! அதற்காக அமுக்கித் திணிப்பதும் இல்லை; திணித்தால் ஆவி புகாது. முன்பெல்லாம் ஒவ்வொரு தட்டிலும் 'இருக்கட்டும்' என்று பல கருவிகளை வைப்பார்களாம். தட்டைத் திறந்துவிட்டால், தொடாத கருவியையும் மறுபடி கழுவி, கட்டி, ஆவியில் வைத்தே தீர வேண்டும். இப்போது டாக்டர்களைக் கேட்டு, வேண்டியதை மட்டும் வைக்கிறார்கள். அபூர்வமாகத் தேவைப்படுவது தனிக் கட்டில் இருக்கும். ஆட்டோகிளேவைக் குளிரவைக்கும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் சுற்றி வரச் செய்திருக்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீரை நம்பியிருக்கிற ஊரில் இது சின்ன விஷயமா?

டாக்டரிடமும் கேட்டேன். அவர் அரவிந்த் மருத்துவமனைக் கணக்கைச் சொன்னார். அங்கே ஒரு டாக்டருக்குப் பல செட் கருவிகள் உண்டு. ஒன்று உபயோகத்தில் இருக்கும்போது மற்றது ஆவியில் இருக்கும். ஒரு புரை ஆபரேஷனுக்கு அங்கே சேரும் குப்பை 250 கிராம், அதாவது கால் கிலோதான் என்று 2017-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. வெளியாகும் கரியமில வாயுவோ, இங்கிலாந்தில் இதே ஆபரேஷனுக்கு ஆவதில் சுமார் 5 சதவீதம்தான்.

"சரி டாக்டர், கிருமி?" என்றேன் விடாமல்.

2019-ல் வந்த கணக்கு, அங்கே செய்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைப் பார்த்தது. கண்ணுக்குள் கடுமையான கிருமித் தொற்று வந்தவர்கள் 10,000 பேரில் 7 பேர். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஒரு மருந்து செலுத்தத் தொடங்கிய பிறகு அது 2 ஆகக் குறைந்தது. பணம் கொட்டும் நாடுகளுக்கு இது சளைத்ததில்லை என்றார்.

நான் 'கிட்' வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிப்பிகள் சொன்னது

மறுநாள் காலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா கட்டோடு தூங்க, சாயங்காலம் அக்கா மகளோடு கடற்கரைச் சாலைக்குப் போனேன். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள். 1974-ல் திறந்த அந்தப் புதுத் துறைமுகத்துக்கு 2011-லிருந்து வ.உ.சிதம்பரனார் பெயர். எதிரே மன்னார் வளைகுடா.

கொற்கை காலத்திலிருந்து முத்துக்குளித்த கடல் இது. ஒரு நல்ல முத்துக்காக ஆயிரக்கணக்கான சிப்பிகளை அள்ளி வந்து, கரையில் குவித்து அழுகவிட்டு, கழுவித் தேடுவார்களாம். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை; சிப்பிப் படுகைகள் அவ்வளவு குறைந்துவிட்டன. அப்புறம் 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், இதே கடற்கரையில், சிப்பிக்குள் நுணுக்கமாக ஆபரேஷன் செய்து ஒரு மணியை வைத்து, வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அள்ளிக் கொட்டினால் கடல்கூட ஒருநாள் தீர்ந்துபோகும். பக்குவமாகக் கையாண்டால் ஒரு சிப்பியிலும் முத்து விளையும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

ஊசி, சிரிஞ்சு, பிளேடு இவையெல்லாம் ஒருவருக்கு ஒருமுறைதான். அதில் சிக்கனமே கூடாது. உங்கள் கண் முன்னால் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஆவியில் சுத்தம் செய்யத்தக்க கருவிகள், துணிகள் என்றால் பயப்பட வேண்டாம், கேள்வி கேளுங்கள். "ஒவ்வொருவருக்கும் தனி செட் உண்டா? நாடாவில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா? கட்டு உலர்ந்து, கிழியாமல் இருக்கிறதா?" நல்ல ஆஸ்பத்திரியில் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விலை கூடிய 'கிட்' எழுதினால், அது அவசியமா, மாற்று உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

கட்டைப் பிரித்த அன்று அம்மா முதலில் பார்த்தது என்னைத்தான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா? சொல்லவே இல்லையே!"

ஆகஸ்ட் 5-ஆம் தேதி கோவில் வாசலிலிருந்து போன் வந்தது. கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. "தெரியுது, ஏட்டி, தெரியுது" என்றது மட்டும் கேட்டது.