மணலியில் ஒரு டார்க் ரூம்

மணலிக் கடைத்தெருவில் மூடிய ஸ்டுடியோ ஒன்றின் பின்னறையில் இன்னும் டெவலப்பர் வாடை அடிக்கிறது. சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கு கேட் பாஸ் படம் எடுத்துக் கொடுத்த பெரியவர், இப்போது ஃபிலிமில் படமெடுக்கும் பிள்ளைகளின் சுருள்களைக் கழுவித் தருகிறார். எந்த டெவலப்பர் நல்லது ஐயா என்று கேட்டேன்.

"கெடாம வச்சுக்க முடியுமா உன்னால? அத மொதல்ல சொல்லு தம்பி."

அவர் கலக்குவது டி-76. கோடாக் நிறுவனத்தில் 1920களில் உருவான இதற்கு, லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஐம்பது டிகிரிக்கு ஆறியதும் கலக்கத் தொடங்குகிறார். கொதித்தால் நீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறிவிடும். முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், அடுத்து மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகே மற்றவை. சல்பைட்டை மொத்தமாக முதலில் கொட்டினால் மெட்டால் கரைய மறுக்கும்.

காற்றுதான் டெவலப்பரைக் கொல்கிறது. உள்ளே வரும் ஆக்சிஜனை சல்பைட் தன் மேல் வாங்கிக்கொள்கிறது; அது தீர்ந்தால் கரைசல் பழுப்பாகி வலுவிழக்கும். மூடிய பாட்டில் நிறைந்திருந்தால் ஆறு மாதம், பாதி காலியென்றால் இரண்டு மாதம் என்பது கோடாக் சொன்ன கணக்கு. மணலி வெயிலில் அந்தக் கணக்கைப் பெரியவர் நம்புவதில்லை. ஒரு லிட்டரை நான்கு கால் லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, தேதி ஒட்டி, தரையோரம் வைக்கிறார். குறைந்தால் கோலிகுண்டு போட்டு மட்டத்தை ஏற்றுகிறார். ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை: உப்பு படிந்துவிடும், சோறு வைக்கும் இடத்தில் இது இருக்கவும் கூடாது. திறந்த பாட்டிலிலிருந்து எடுத்ததோடு சம அளவு தண்ணீர் சேர்த்து, அன்றே பயன்படுத்திக் கொட்டிவிடுகிறார்.

எப்போதாவது ஒரு சுருள் கழுவுபவருக்கு நான் ரோடினால் என்ற டெவலப்பரைத்தான் சொல்வேன். 1891இல் ஜெர்மனியில் வந்த அந்தத் திரவம் டிகாக்‌ஷன் நிறத்துக்குக் கறுத்த பிறகும் பல ஆண்டுகள் வேலை செய்யும். ஆனால் படத்தில் கிரெய்ன், அதாவது மணிமணியான புள்ளிகள், தூக்கலாகத் தெரியும். அதனால் மனித முகங்களுக்கு எனக்கு டி-76தான் பிடிக்கிறது.

கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தாண்டுகிறது. மீன்காரரிடம் வாங்கிய ஐஸைத் தொட்டியில் போட்டு, டெவலப்பர், படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ, கழுவும் நீர் மூன்றையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவருகிறார். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிராகவும் இருந்தால் ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கி வலைபோல வெடிக்கும்.

சந்தேகமான பாட்டிலுக்கு அவரிடம் ஒரு சோதனை உண்டு. வெளிச்சம் பட்ட ஃபிலிம் துண்டை முக்குகிறார். சில நிமிடங்களில் கருகருவென்று ஆனால் உயிர் இருக்கிறது. சாம்பல் நிறத்திலேயே நின்றால் சாக்கடைக்கு.

அவர் விரல் நுனிகள் வெடித்திருந்தன. மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். ஸ்டுடியோ பையன்கள் நாள் முழுக்க வெறும் கையோடு டிரேயில் அளைந்தார்கள். கையுறை தர அன்று யாருமில்லை. மெட்டாலுக்குப் பதில் ஃபெனிடோன் சேர்த்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். இல்ஃபோர்டில் 1940இலேயே கண்டுபிடித்த பொருள் அது. அடுத்த முறை அதைச் சேர்த்துக் கலந்து பார்க்கலாமா என்றேன். சம்மதித்து, எனக்கும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையை நீட்டினார்.