25 வாட் செட்டும் ரேணிகுண்டா வெயிலும்

ரேடியோ செட்டில் அதிகம் சூடாவது, அலையை ஆன்டெனாவுக்கு அனுப்பும் கடைசிக்கட்டப் பெருக்கி. ரயில் நிலையங்களில் லோகோ பைலட்டோடும், முன்பு கார்டு எனப்பட்ட டிரெயின் மேனேஜரோடும் பேசப் பயன்படும் 25 வாட் வி.எச்.எஃப். செட்டையே எடுத்துக்கொள்ளலாம். 13.8 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுத்தால் உள்ளே போவது 69 வாட். ஆன்டெனாவுக்குப் போவது 25. மீதி 44 வாட்டும் சூடுதான். பண்பலை முறை என்பதால் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை, வாய் திறக்காவிட்டாலும், முழுச் சக்தியும் ஓடிக்கொண்டிருக்கும்.

சென்னை–மும்பை பாதையும் கூடூர்–காட்பாடி பாதையும் சந்திக்கிற ரேணிகுண்டாவில் பேச்சுக்குக் குறைவிருக்காது. மே மாத வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சூடான செட் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்தால் புதிதாக வேலைக்கு வந்தவரின் கை முதலில் ஃபேனைத் தேடும். அனுபவஸ்தரோ ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். அவர் செய்வதே சரி.

பெருக்கியிலுள்ள டிரான்சிஸ்டரின் உள்ளிருந்து வெளிக்காற்று வரைக்குமான மொத்த வெப்பத்தடை ஒரு வாட்டுக்கு 1.2 டிகிரி என்று கொண்டால், 44 வாட்டுக்கு 53 டிகிரி ஏறும். அறை 42 என்றால் உள்ளே 95, தாங்கும். டிரான்சிஸ்டருக்கும் அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் இடையிலுள்ள வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்து போய்த் தடை அரை டிகிரி கூடினால் உள்ளே 117. வெளியே தொட்டுப் பார்த்தால் ஹீட் சிங்க் முன்பைவிட அதிகமாகச் சுடாது. அங்கே வந்து சேர்வது அதே 44 வாட்தான்; வெப்பநிலை கூடியது இணைப்புக்கு உள்பக்கம் மட்டுமே என்பதுதான் காரணம்.

ஆகவே வேலை அந்த இணைப்பில் தொடங்குகிறது. டிரான்சிஸ்டரைக் கழற்றியதும் சுண்ணாம்புபோல் உதிரும் பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்கிறார்கள். பரப்பில் பிசிறு இருந்தால் ஹீட் சிங்கைக் கண்ணாடித் தட்டில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். டிரான்சிஸ்டரின் அடியை மட்டும் தேய்க்கக் கூடாது. பழைய ஆற்றல் டிரான்சிஸ்டர்கள் பலவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். பிறகு கடுகளவு புது பேஸ்ட். அதிகம் அப்பினால் நல்லது என்பது பரவலான தவறு. பேஸ்ட் வெப்பம் கடத்துவதில் அலுமினியத்துக்குக் கிட்டவே வராது; இடுக்கிலுள்ள காற்றை வெளியேற்றுவது மட்டுமே அதன் வேலை. டிரான்சிஸ்டரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

ஃபேன் இதற்குப் பின்புதான். ஹீட் சிங்கின் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி செட்டை மாட்டினாலே சூடான காற்று தானாக மேலேறும். தூசி அடைத்த துடுப்புக்கு எந்த ஃபேனும் உதவாது.

சூட்டுக்குக் காரணம் செட்டுக்கு வெளியேயும் இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோஆக்சியல் கேபிளின் இணைப்பில் தண்ணீர் இறங்கினால், போன சக்தியில் ஒரு பங்கு திரும்பி வந்து பெருக்கியை வதைக்கும். அங்கே கனெக்டரை மாற்றி ரப்பர் டேப் சுற்றுவதே மருந்து. பக்கத்து எல்லைக்குள் பேச்சு எட்டினால் போதும் என்ற இடத்தில் 25 வாட்டைப் பாதியாக்கலாம். கேட்பவருக்கு 3 டெசிபல்தான் குறையும்.

இதே சிக்கலின் பேருருவத்தைத் திருப்பதிக்குத் தென்மேற்கே காதங்கியில் காணலாம். தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், தொடக்கத்தில் 1024 ஆன்டெனாக்களுக்கு 32 டிரான்ஸ்மிட்டர்கள் வழியாக 2.5 மெகாவாட் உச்ச ஆற்றலைச் செலுத்தியது. துடிப்பு துடிப்பாக அனுப்புவதால் நேரத்தில் அதிகபட்சம் 2.5 சதவீதமே அது ஓடும். சராசரி 60 கிலோவாட்டை ஒட்டித்தான் வரும். பிற்பாடு ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனியாக ஒரு கிலோவாட் திண்மநிலைக் கருவி வந்தது. சூட்டைச் சில இடங்களில் குவிக்காமல் ஆயிரம் இடங்களுக்குப் பிரித்துவிட்டால் ஒவ்வோரிடத்திலும் தணிப்பது எளிது.

நிலையத்துச் செட்டுக்கு அந்த வசதி இல்லை. மூடி போட்டபின் அதை, ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடில் இணைத்து, பொத்தானை அழுத்தியபடியே சில நிமிடம் ஓட்டி, டிரான்சிஸ்டர் அடியிலும் ஹீட் சிங்கிலும் வெப்பநிலையை அளக்கிறார்கள். இரண்டுக்கும் இடைவெளி சில டிகிரிக்குள் நின்றால் செட் மறுபடி நிலையத்துக்குப் போகும். கூடிக்கொண்டே போனால் திருகை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.