ஃபீல்டுக்குப் போவீங்களாம்மா?

பாறையியலுக்கும் கனிமவியலுக்கும் உதவிப் பேராசிரியர் தேவை என்று ஒரு பல்கலைக்கழகம் விளம்பரம் கொடுத்தால், எங்கள் வட்டத்தில் ஒரே இரவில் எல்லோர் கைப்பேசிக்கும் அது வந்துவிடும். ஜியாலஜி சொல்லிக்கொடுக்கும் இடங்களே குறைவு. அதில் பாறைக்கென்று ஓர் இடம் காலியாவது இன்னும் அரிது.

திருமழிசையிலிருந்து இதுவரை நான்கு நேர்காணல்களுக்குப் போயிருக்கிறேன். பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, கையில் சான்றிதழ் ஃபைல். நான்கு இடங்களிலும் தவறாமல் வந்த கேள்வி: “ஃபீல்டுக்கெல்லாம் போவீங்களாம்மா?” அதன் பின்னாலேயே, “குழந்தைய யார் பாத்துப்பாங்க?”

என் முனைவர் பட்டமே நான் மலை ஏறி, சுத்தியலால் உடைத்து, முதுகில் சுமந்து வந்த கற்களால் ஆனது. அந்த ஃபைல் அவர்கள் மேசையில்தான் இருந்தது. ஒருமுறை வெளியே வந்ததும், எனக்கு முன்னால் போய் வந்த ஆண் நண்பரிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். உருமாற்றப் பாறைகளில் கார்னெட் எப்படி உருவாகிறது என்று கேட்டார்களாம். அது எனக்கும் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்விகளைச் சும்மா பேச்சுக்குக் கேட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. 2018ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி, நம் மதிப்பெண்ணும் கட்டுரைகளும் நேர்காணலுக்கு அழைக்கப்படுவதற்கு மட்டுமே பயன்படும். தேர்வு முழுக்க நேர்காணலை வைத்துத்தான். அந்தப் பத்து நிமிடத்தில் என் மாமியாரைப் பற்றிப் பேசினால், கார்னெட்டைப் பற்றி எப்போது பேசுவது?

1893இல் தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் அது. அதை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துச் சுழற்றினால், ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் வெளிர் சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறும். பாறையியலுக்குள் நான் வந்ததே அந்த நிறத்தைப் பார்த்துத்தான். அதே 1893இல்தான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃப்ளாரன்ஸ் பாஸ்கம் முனைவர் பட்டம் பெற்றார். ஆண் மாணவர்களின் கவனம் சிதறக் கூடாதென்று வகுப்பில் அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா 1983இல் அண்டார்டிகா பயணத்துக்குப் புறப்பட்டார். 1991இல் பட்நாகர் விருது பெற்றார். ஒரு நேர்காணலில் இதைச் சொன்னேன். “அதெல்லாம் எக்ஸெப்ஷன்மா” என்றார் ஒருவர்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலைக்கு எடுப்பதைத் தடைசெய்தது. தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு நிபந்தனைகளோடு அனுமதி வந்தது 2019இல்தான். அதனால் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, “பொண்ணுங்களுக்கு டீச்சிங்தான் நல்லது.” சரி என்று டீச்சிங்குக்கு வந்தால், இங்கேயும் வாசலில் ஃபீல்ட் நிற்கிறது.

எங்கள் ஊரில் பிறந்த திருமழிசை ஆழ்வாரைப் பற்றி ஆயா ஒரு கதை சொல்வார். பிரம்பு வெட்டுபவர் வீட்டில் வளர்ந்தவர் என்பதால், அவர் வந்ததும் வேதம் ஓதியவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு விட்ட இடம் அவர்களுக்கு மறந்துபோனது. அவர் வாய் திறக்காமல், ஒரு கறுப்பு நெல்லை நகத்தால் கீறிக் காட்டி நினைவுபடுத்தினாராம். ஆயாவுக்கு அது ஆழ்வாரின் பெருமை. எனக்கோ, தெரிந்தவர் ஏன் ஜாடையில் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் உறுத்தும்.

ஃபீல்டில் கஷ்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. பாறை ஏறுவது கஷ்டமில்லை. கழிப்பறை கிடையாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஏறுவதுதான் கஷ்டம். மாதவிடாய் நாளில் நாற்பது பேர் வண்டியை நிறுத்தச் சொல்வது கஷ்டம். இவற்றைச் சரிசெய்ய வேண்டியது துறை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நான் என்றாகிவிடுகிறது.

நான்காவது நேர்காணலில் நானே கேட்டேன்: “கண்டிப்பா போவேன் சார். கேம்ப்ல மாணவிங்க தங்க, பாத்ரூம் போக என்ன ஏற்பாடு வச்சிருக்கீங்க?” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எதிரில் ஐந்து ஆண்களோடு உட்கார்ந்திருந்த ஒரே பெண் மட்டும் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்குச் சலுகை எதுவும் வேண்டாம். மைக்ராஸ்கோப்பில் ஒரு கல்லை வைத்து, வருகிற எல்லோரையும் கனிமங்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். முப்பது மாணவர்களை ஒரு வாரம் மலைக்குக் கூட்டிப்போக எப்படித் திட்டமிடுவீர்கள் என்று எல்லோரிடமும் கேளுங்கள். குழந்தையைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டுமென்றால், எனக்கு முன்னால் உள்ளே போன அப்பாக்களிடமும் கேளுங்கள்.