மேய்ச்சற்றரை என்னும் உடன்பாடு

பல்கலைக்கழகத்தில் விவசாயம் கற்ற நாட்களில், புல்லைப் பற்றிய விரிவுரைகளே என்னைப் பெரிதும் ஈர்த்தன. அதற்குக் காரணம் புலமை நாட்டம் அன்று. மட்டக்களப்பின் படுவான்கரையில், அம்மப்பாவின் மாட்டுப்பட்டியைச் சுற்றி வளர்ந்தவன் நான். மழை பெய்தாற் புல் முளைக்கும், மாடு மேயும் என்பதற்கு மேல் அதில் அறிவதற்கு என்ன இருக்கிறது என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

பல்லாண்டுப் புல்லை மாடு மேய்ந்தால் அது இறந்துவிடுவதில்லை. அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த உணவைக் கொண்டு அது மீண்டும் துளிர்க்கின்றது. இலைகள் விரிந்து தாமே உணவாக்கத் தொடங்கியதும் அதன் வளர்ச்சி விரைவுறும். அந்நிலையை எட்டுமுன் மாடு மறுபடியும் கடித்தாற் சேமிப்புக் கரையும். இவ்வாறு தொடர்ந்து நிகழ்ந்தாற் புல் மடிந்து களை மிகும். மேய்ச்சல் மிகையாவது மாடுகளின் தொகையினால் என்பதைவிட, அவை ஓரிடத்தில் நிற்கும் காலத்தினாலும் அவ்விடத்துக்கு மீளும் காலத்தினாலுமே என்று பிரெஞ்சு நாட்டு அறிஞர் அந்திரே வுவாசன் 1957 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆகவே, ஒரு புற்றரை ஓய்வு கொள்ளவேண்டுமாயின், அக்காலத்தில் மாட்டுக்கு மற்றோரிடம் இருத்தல் வேண்டும். அந்த மற்றோரிடம் பெரும்பாலும் மற்றொருவருக்குரிய நிலமாகவே இருக்கும்.

அம்மப்பா இந்நூலை அறியார். ஆயினும் இந்த உண்மையை அறிந்திருந்தார். பெரும்போகத்துக்கு முன் வட்டைகளிலிருந்து மாடுகள் புறப்பட்டு மேற்கே காட்டோர மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்லும். அறுவடை முடிந்ததும் அவை திரும்பிவந்து அரிதாளை மேயும். வயலுக்கு எரு; மாட்டுக்குத் தீனி; காட்டோரப் புல்லுக்கு ஓய்வு. அவருடைய இளமைக் காலத்தில் எருமைகளே வயலை மிதித்துச் சேறாக்கின. சூடு மிதித்ததும் அவையே. போடியாருக்குப் பட்டிக்காரர் வேண்டியிருந்தார். பட்டிக்காரருக்குப் போடியார் வேண்டியிருந்தார். எழுதப்படாத உடன்பாடு அது. எனினும், இரு தரப்பாரின் தேவையும் அதற்குக் காவலாக நின்றது.

உழவு இயந்திரம் வந்தபோது அந்தத் தேவையில் ஒரு பாதி கழன்றது. செயற்கை உரம் வந்தபோது மறுபாதியும் தளர்ந்தது. குளநீர் பாயும் வயல்களிற் சிறுபோகமும் விதைக்கப்பட்டதால், அரிதாள் கிடக்கும் காலம் சுருங்கிற்று. இன்றும் போகத் தொடக்கத்திற் கூட்டம் கூடுகின்றது. விதைப்புக்குரிய நாளும் மாடுகளை அப்புறப்படுத்தவேண்டிய இறுதி நாளும் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. எந்நாளில் மாடு வெளியேறவேண்டும் என்பதை அத்தீர்மானம் திட்டமாகக் கூறும். எங்கே செல்லவேண்டும் என்ற வினாவுக்கோ அத்துணைத் திட்டமான விடை கிடைப்பதில்லை.

இவையெல்லாம் எனக்குப் பின்னரே விளங்கின. இறுதியாண்டு விடுமுறையில், கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 என்னும் கலப்பினப் புல்லின் துண்டங்களை ஒரு சாக்கில் இட்டு ஊருக்குக் கொண்டுசென்றேன். மாமாவின் மேட்டு நிலத்தில் அரை ஏக்கரிற் புல் நட்டேன். மாரி மழையில் அது ஆளுயரம் வளர்ந்தது. ‘பரிசோதனை நிலம், கால்நடைகள் நுழையக்கூடாது’ என்றொரு பலகையும் நாட்டிவிட்டு விரிவுரைகளுக்குத் திரும்பினேன். அடுத்த முறை வந்து பார்த்தபோது பலகை மட்டுமே நின்றது. வெட்டிக் கொடுப்பதற்குரிய அப்புல், மாடுகளின் வாய்க்கும் குளம்புக்கும் தாங்காது அடியோடு சிதைந்திருந்தது.

சினத்துடன் அயலிலிருந்த பட்டிக்காரரிடம் சென்றேன். அவர் அமைதியாகக் கேட்டார்: “மாட்டுக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா தம்பி? புல்லை நட்டுப்போட்டுப் போயிட்டீங்க. எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

விடை கூற என்னால் இயலவில்லை. புல்லின் வேரைக் கற்றிருந்தேன். நிலத்தின் அமிலத் தன்மையைச் சோதித்திருந்தேன். அந்த நிலத்தின் ஓரமாக நாள்தோறும் மாடு சாய்த்துச் செல்லும் மனிதரோடு மட்டும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு மூவரும் திண்ணையில் இருந்து பேசினோம். வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதியால்களைப் பட்டிக்காரர் நாட்டுவது. கோடையிற் சில இரவுகள் மாமாவின் கச்சான் நிலத்தில் இடம் மாற்றி மாற்றிப் பட்டி அடைப்பது. அதற்கு ஈடாக, மாரியில் வெட்டும் புல்லைக் கன்றீன்ற பசுக்களுக்கு அவர் எடுத்துக்கொள்வது. எரு மாமாவுக்கு, புல் அவருக்கு. வேலியின் தழையும் தீனியாயிற்று. அவரையினத் தாவரமாகையால் அது நைதரசனை நிலத்துக்குச் சேர்த்தது. ஓரத்தில் மேய்ச்சலைத் தாங்கும் கினிப்புல்லை விட்டோம். புல் நின்றது. பலகையை நான் கழற்றிவிட்டேன்.

இதனை ஒரு பெரு வெற்றியாகக் கூறவில்லை. அரை ஏக்கர்ப் புல் சில பசுக்களுக்கே போதும்; நூறு மாடுகள் உள்ள பட்டியை அது காப்பாற்றாது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளில் வேற்றிடத்தவர் பயிர்செய்வதை எதிர்த்து 2023 செப்ரெம்பரிற் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய செய்தியைப் படித்தபோது, அந்தப் பட்டிக்காரரின் முகமே நினைவில் எழுந்தது. பெருநிலத்தின் இழப்பைத் திண்ணைப் பேச்சால் ஈடுசெய்ய இயலாது. அதற்கு எல்லையிட்டு, சட்டத்தின் காவலோடு, மேய்ச்சலுக்கென ஒதுக்கப்பட்ட நிலமே வேண்டும்.

ஆயினும் பெருநிலம் காக்கப்பட்டாலும் சிறு உடன்பாடுகளின் தேவை ஒழியாது. தென்னந்தோட்டங்களில் இருபத்தாறு அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரங்களே நிற்கின்றன. மரங்கள் முதிர்ந்த தோப்பில் வெயில் தாராளமாக நிலத்தில் விழுகின்றது. அவ்வெயிலிற் களை வளர்வதா, புல் வளர்வதா என்பது தோட்டக்காரரும் மாட்டுக்காரரும் பேசிக்கொள்வதைப் பொறுத்தது. சிறுபோகத்தில் நீரின்றிக் கிடக்கும் வயலுக்கும் அவ்வாறே.

புல்லை நடுவது எப்படி என்பதைப் பல்கலைக்கழகம் எனக்குக் கற்பித்தது. அந்தக் கடன் பெரிது. நடுவதற்கு முன் யாரிடம் பேசவேண்டும் என்பதைக் கற்பித்தவர் பட்டிக்காரர். இன்று மாணவர்களைக் களப்பயணத்துக்கு அழைத்துச் செல்லும்போது, மண் மாதிரி எடுக்குமுன் அவ்வழியே மாடு சாய்த்து வருபவருக்காகச் சிறிது நேரம் காத்திருக்கிறோம்.