கழுத்தளவு மண்ணுக்குள்

அன்புள்ள தோழிக்கு,

ஜார்ஜியாவின் கிழக்கே, ககேத்திப் பகுதியிலுள்ள தெலாவி ஊரிலிருந்து எழுதுகிறேன். ஜன்னலைத் திறந்தால் கீழே அலசானி ஆற்றுச் சமவெளி, கண்ணுக்கு எட்டியவரை திராட்சைத் தோட்டம், அதற்குப் பின்னால் காகசஸ் மலைத்தொடர். அறுவடைக் காலம் இது. ‘ர்த்வெலி’ என்கிறார்கள். தலைநகரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட இதற்காக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டுப் பெரியவர் நேற்று என் முன்னால் மூன்று கோப்பைகளை வைத்தார். மூன்றுமே ரிகத்ஸிதெலி என்ற ஒரே வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின். ஆனால் ஒன்றைப்போல ஒன்று இல்லை.

முதலாவது ஐரோப்பிய முறை. பழத்தைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவிடுகிறார்கள். வெளிர் மஞ்சள் நிறம், பச்சை ஆப்பிளின் புளிப்பு. இங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் ட்சினந்தாலியில், கவிஞரும் பிரபுவுமான அலெக்சாண்டர் சவ்சவாட்சே 19ஆம் நூற்றாண்டில் இந்த முறையில்தான் ஒயின் செய்தார். இரண்டாவது மேற்கே இமெரேத்திப் பகுதியின் வழக்கம்: தோலில் ஒரு பங்கை மட்டும் சாற்றோடு சேர்ப்பார்கள், காம்பு கிடையாது. நிறம் கொஞ்சம் ஏறியிருந்தது, வாய்க்கு இதமாக இருந்தது.

மூன்றாவதுதான் ககேத்தி. வெள்ளைத் திராட்சையில் செய்ததென்று சொன்னால் நம்பமாட்டாய், அப்படியொரு அடர்ந்த தேன் நிறம்! முதல் வாயிலேயே, நாவற்பழம் தின்றபின் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. அதைத் தாண்டினால் உலர்ந்த பழமும் வால்நட்டும் கலந்த மணம் நெடுநேரம் நிற்கிறது.

தோலும் விதையும் காம்பும் சாற்றோடு எவ்வளவு காலம் கிடக்கின்றன என்பதுதான் இத்தனைக்கும் காரணம். பெரியவர் என்னைத் தம் ‘மரானி’க்கு அழைத்துப்போய்க் காட்டினார். ஒயின் செய்யும் கூடத்துக்கு அதுதான் பெயர். தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே முட்டை வடிவிலான பெரிய தாழி, கழுத்துவரை மண்ணுக்குள். க்வெவ்ரி என்கிறார்கள். உள்ளே தேன்மெழுகு பூசியிருக்கிறது. மண் சூழ்ந்திருப்பதால் சூடு ஏறுவதும் இறங்குவதும் குறைவு. நொதிக்கும்போது தோல்கள் மேலே திரண்டுவிடும், தினமும் பல முறை கழியால் அழுத்திக் கலக்கிவிட வேண்டும். நொதித்து முடிந்ததும் விதைகள் கூரான அடிப்பக்கத்தில் படிகின்றன. அவற்றின் மேல் தோல்கள் மூடிக்கொள்வதால் விதையின் கசப்பு ஒயினுக்குள் அளவோடுதான் இறங்குமாம். பிறகு மூடி முத்திரை வைத்தால் வசந்தத்தில்தான் திறப்பார்கள். வடிவத்திலேயே வடிகட்டியையும் வைத்துச் செய்த அந்தக் குயவர்களை நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

தெற்கே கடாச்ரிலி கோரா என்ற மேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் வேதித் தடயங்கள் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 6000. அத்தனை பழைய கலை சோவியத் காலத்தில் நலிந்துபோனது. அரசு ஆலைகளுக்கு வேண்டியிருந்தது அளவு. 500க்கும் மேற்பட்ட உள்ளூர்த் திராட்சை வகைகள் உள்ள நாட்டில் சில வகைகளை மட்டுமே பெருமளவில் பயிரிட்டார்கள். க்வெவ்ரியைக் காப்பாற்றியவை இதுபோன்ற வீடுகள்தான். தமக்கும் விருந்தாளிக்கும் என்று ஒன்றிரண்டு தாழிகளை விடாமல் நிரப்பிவந்தார்கள். 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை முதலில் இந்த வீடுகளுக்குத்தான் சேர வேண்டும் என்பேன்.

சிவப்பும் உண்டு. சபெராவி என்ற திராட்சைக்குச் சதையே சிவப்பு, நசுக்கினால் கை கறையாகிவிடுகிறது. நல்ல ஒயின்தான், ஆனால் என் மனம் தேன்நிறத்திலேயே நின்றுவிட்டது.

அதைத் தனியாகக் குடிக்கக்கூடாது என்பது என் தீர்மானம். இரவு உணவில் வால்நட் விழுது வைத்த கத்தரிக்காயும், திராட்சைக் கொடியை எரித்த தணலில் வாட்டிய இறைச்சியும் வந்தன. அந்த நெய்ப்புக்கு முன்னால் இமெரேத்தி ஒயின் காணாமல் போனது. ககேத்தியின் துவர்ப்போ ஒவ்வொரு கவளத்துக்கும் வாயைக் கழுவித் தந்தது. ஐஸில் வைத்துக் குளிரவும் விடாதே, மணம் அடங்கிவிடும்.

நாளை அலவெர்தி மடத்துக்குப் போகிறேன். 11ஆம் நூற்றாண்டுக் கோயில், துறவிகள் அங்கே இன்றும் க்வெவ்ரியில் ஒயின் செய்கிறார்கள். நீ வருவதானால் அக்டோபர் தொடக்கத்தில் வா, அறுவடையையும் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் தோழி