செத்துப்போன வேப்பங்கன்றுகளும் ஒரு கார்ப்பெற் முதலாளியும்

போன வருஷம் யூன் 5, உலக சுற்றாடல் தினம். எங்கட கம்பனியில் எல்லாருக்கும் பச்சை ரீசேர்ட் தந்தார்கள். கொழும்புக்கு வெளியே ஒரு வெறுங்காணியில் 20 வேப்பங்கன்று நட்டோம். நட்ட நேரத்தைவிட போட்டோ எடுத்த நேரம்தான் கூட. இரண்டு மாதம் கழித்து அந்த வழியால் பஸ்ஸில் போனபோது எட்டிப் பார்த்தேன். கம்பனியின் பெயர்ப்பலகை மட்டும் நின்றது.

நான் வேலை செய்வது பெட்டியும் லேபிளும் அச்சடிக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில். வருட இறுதி அறிக்கைக்கு 'சூழலும் நாமும்' என்று ஒரு பக்கம் எழுதும்படி என்னிடம் தந்தார்கள். ஒரு கிழமையாக யோசித்தேன். மரக்கன்றைத் தவிர எழுத ஒன்றுமே இல்லை. அதுவும் செத்துப்போச்சு.

உதாரணம் தேடித் திரிந்தபோதுதான் ரே அன்டர்சனைப் பற்றி வாசித்தேன். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துக்காரர். 1973இல் 'இன்டர்ஃபேஸ்' என்ற கம்பனியைத் தொடங்கி, அலுவலகங்களில் சதுரம் சதுரமாகப் பதிக்கிற கார்ப்பெற் செய்து விற்றவர். நூலும் பெற்றோலியத்தில் இருந்து, அடியில் ஒட்டுகிற பகுதியும் பெற்றோலியத்தில் இருந்து. சூழலைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம்.

1994இல் வாடிக்கையாளர்கள் உண்மையிலேயே கேட்டார்கள்: "சூழலுக்கு உங்கட கம்பனி என்ன செய்யுது?" பதில் இல்லை. கம்பனிக்குள் ஒரு குழு அமைத்து, அதில் பேச அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை! சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்பதைத் தாண்டி ஒரு வசனம் வரவில்லையாம். இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அறுபது வயது முதலாளியும் என்னைப்போல வெறுந்தாளோடு இருந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் போல் ஹோக்கன் வர்த்தகத்தையும் சூழலையும் பற்றி எழுதிய ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. வாசித்தவர் உடைந்துபோனார். பூமியைக் கொள்ளையடிக்கிறவர்களில் தானும் ஒருவன் என்று பிறகு மேடை மேடையாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. 2020க்குள் சூழலுக்குச் செய்கிற கெடுதியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கம்பனிக்கு இலக்கு வைத்தார்.

அவர் தொடங்கியது மரம் நடுவதில் இல்லை, கழிவில். வாடிக்கையாளருக்குப் பயன்படாத எல்லாமே கழிவுதான் என்று கணக்கெடுக்க வைத்தார். வெட்டித் துண்டாகிப் போகிற கார்ப்பெற், பிழையாக அனுப்பிய சரக்கு, வீணாகிற மின்சாரம், எல்லாம். கழிவைக் குறைத்து மிச்சம்பிடித்த காசுதான் மற்றத் திருத்தங்களுக்கான செலவைத் தாங்கியது. 2009இல் ஓர் உரையில் அவர் சொன்ன கணக்கு இது: பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் 82 வீதம் குறைந்தது, அதே காலத்தில் விற்பனை மூன்றில் இரண்டு பங்கு கூடியது, இலாபம் இரண்டு மடங்கானது.

எல்லாம் வென்றது என்றும் இல்லை. கார்ப்பெற்றை விற்காமல் வாடகைக்குக் கொடுத்து, தேய்ந்தால் திருப்பி எடுக்கிற ஒரு திட்டம் போட்டார். வாடிக்கையாளரிடம் அது எடுபடவில்லை. 2011இல் அவர் இறந்தும் போனார். ஆனால் கம்பனி விடவில்லை. 2012இல் பிலிப்பைன்ஸ் கடற்கரைகளில் மீனவர்கள் எறிகிற நைலோன் வலைகளைக் காசு கொடுத்து வாங்கி, அதில் இருந்து கார்ப்பெற் நூல் செய்விக்கிற வேலையில் சேர்ந்தது. அதை வாசிக்கும்போது ஊரில் எங்கட கரையில் குவிந்து கிடக்கிற பழைய வலைகள்தான் கண்ணுக்கு வந்தது. அப்பா அதைக் கொளுத்துவார். அந்த மணம் இரண்டு நாளைக்குப் போகாது.

அடுத்த நாள் கணக்குப்பிரிவு அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, மாசம் எத்தனை கிலோ காகிதம் வெட்டி எறியிறம்?"

"ஆர் தம்பி அதையெல்லாம் நிறுக்கிறது? லொறிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார்."

ஆறு நாள் நானும் மெஷினில் நிற்கிற அண்ணாவும் நிறுத்தோம். 214 கிலோ. அவ்வளவும் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய காகிதம். அந்தத் தாளை மனேஜரிடம் கொடுத்தபோது அவர் சூழலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "இது எவ்வளவு காசு வரும்?" என்றார். முதலில் எனக்கு எரிச்சல். பிறகு யோசித்தால், அன்டர்சனின் கம்பனியிலும் பலர் அந்தக் கேள்வியோடுதான் உள்ளே வந்திருப்பார்கள். வித்தியாசம், அங்கே மேலே இருந்தவர் அந்தக் கேள்வியோடு நிற்கவில்லை. நிறுப்பது என்னால் முடியும். எந்த அளவுத் தாள் வாங்குவது, எப்படி வெட்டுவது என்று தீர்மானிப்பது அவர் கையில்தான்.

அறிக்கையில் கன்றுகள் செத்ததையும் எழுதினேன், 214 கிலோவையும் எழுதினேன். முதலாவதை வெட்டிவிட்டார்கள். இரண்டாவது நிற்கிறது. இந்த வருஷம் யூன் 5க்கு ரீசேர்ட் வேண்டாம், ஒரு தராசு வாங்கித் தாங்கோ என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.