பனிச்சறுக்கு மலைக்குக் கீழே திருப்பிரிதி

மார்கழி பிறந்ததும் மயிலை மாடவீதிகளில் மஃப்ளர் கட்டிய தலைகள் தென்படத் தொடங்கிவிடும். விடியற்காலை வெப்பநிலை இருபது டிகிரியைத் தொட்டாலே நமக்கு அது கடுங்குளிர். அத்தகைய ஊரிலிருந்து, அரையாண்டு விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும், பனிமலைக்குச் சென்று சறுக்கி விளையாடிவரப் புறப்படும் குடும்பங்கள் இப்போது பெருகிவருகின்றன. அடையாறிலும் தியாகராய நகரிலும் காசி, கயை யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் இடங்களிலேயே குல்மார்க், மணாலி, ஔலி என்ற பெயர்களும் காதில் விழுகின்றன. "குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள், நாங்கள் போய்வருகிறோம், நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகள் சொல்வதும், பெரியவர்கள் தலையசைப்பதும் வழக்கமாகிவிட்டன.

இம்மூன்றில் ஔலியின் நிலை வேறு. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், ஏறத்தாழ 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை சரிந்துகிடக்கும் மலைப்புல்வெளி அது. டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை பனி மூடிக் கிடக்கும். இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை தன் வீரர்களுக்கு அங்கேதான் பனிச்சறுக்குப் பயிற்சி அளிக்கிறது. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் அங்கு நடந்தன. அந்த மலையின் அடியில் இருக்கும் ஊர் ஜோஷிமட். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பிரிதி அதுவே என்பது பெரியோர் பலரின் கொள்கை. மானசரோவரை அடுத்த இடம் என்பாரும் உளர். எப்படியாயினும், பேரன் காலில் சறுக்குப் பலகை கட்ட வேண்டுமானால் அந்த ஊரைக் கடந்துதான் போயாக வேண்டும்.

பெரிய திருமொழியில் திருப்பிரிதிப் பதிகத்தை அடுத்து வருவது வதரியைப் பற்றியது. முதுகு வளைந்து, கோலூன்றி, இருமி, இளையோர் ஏசும் நிலை வந்து சேருமுன்பே வதரியை வணங்குவோம் என்று ஆழ்வார் அழைக்கிறார். பகல் பத்தில் அதைச் செவிமடுக்கும்போதெல்லாம் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்களைப் பார்த்தே பாடியதுபோலத் தோன்றும். உத்தியோகம், பெண்ணின் கல்யாணம், இல்லத்தாளின் முழங்கால் என்று எங்கள் வதரி யாத்திரை தள்ளிக்கொண்டே போயிற்று. இப்போது எனக்கு வயது 74. இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பத்ரிநாத்தை மறந்துவிடுங்கள் என்றார் மருத்துவர். ஜோஷிமட் 1,890 மீட்டர்தான் என்றதும் சற்று யோசித்து, வழியில் தங்கித் தங்கிப் போவதானால் சம்மதம் என்றார்.

குளிர்காலத்தில் வதரியின் வழிபாடு எங்கே நடக்கிறது என்பதை அறிந்தால் இந்தச் சம்மதத்தின் அருமை விளங்கும். விஜயதசமியன்று நாள் குறித்து, பெரும்பாலும் நவம்பரில், பத்ரிநாத் நடையைச் சார்த்துகிறார்கள். கருவறையில் அகண்ட தீபம் எரிந்துகொண்டிருக்கும். அடுத்த ஆறு மாதமும் தேவர்கள் பூஜிப்பதாக ஐதிகம். உத்தவரும் குபேரரும் பாண்டுகேஸ்வரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். ஆதிசங்கரரின் கத்தி, அதாவது ஆசார்ய பீடம், ஜோஷிமட் நரசிம்மர் ஆலயத்துக்கு வந்துவிடுகிறது. மேலே ஏற முடியாதவர்களுக்காக வழிபாடே ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கி வருகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் ஔலி என்று பேச்செடுத்தபோது, நாங்களும் வருகிறோம் என்றோம்.

சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில் புதுடெல்லி சேர வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வட சமவெளியை மூடும் மூடுபனி ரயிலையும் விமானத்தையும் ஒன்றாகவே பார்க்கும். ஆகவே அன்றிரவே பேருந்து என்று நெருக்கமாகத் திட்டமிடாமல், நடுவில் ஒரு நாள் விட்டுக்கொள்வது நல்லது. அந்த நாளை நாங்கள் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் உத்தர சுவாமிநாதன் சந்நிதியில் கழித்தோம். டெல்லிக் குளிரில் தமிழ்க் குரல்கள் கேட்பதே ஒரு கதகதப்பு.

காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து ரிஷிகேசத்துக்கு இரவுப் பேருந்துகள் பல உண்டு. தொலைவு சுமார் 240 கி.மீ.; மீரட், முசாபர்நகர், ரூர்க்கி, ஹரித்வார் வழி. ஏன் இரவில்? மலைப்பாதையில் இரவு நேரத்தில் பயணிகள் வண்டிகளை விடுவதில்லை. மேலே செல்லும் வண்டிகள் விடியலில்தான் கிளம்பும். அந்த விடியலைப் பிடிப்பதற்காகவே சமவெளியின் தூரத்தை இரவு தின்றுவிடுகிறது. படுக்கை வசதியுள்ள பேருந்தானால் கீழ்ப்படுக்கை வேண்டுமென்று முன்பே கேட்டு வாங்குங்கள். மேல்படுக்கைக்கு ஏறும் சிற்றேணி எழுபது வயதுக்கு ஏற்றதன்று. சாய்விருக்கையானால் நடுப்பகுதியில் அமருங்கள். பின் சக்கரத்தின் மேலுள்ள இருக்கையில் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் வந்து கணக்குச் சொல்லும்.

பேருந்துக்குள் கழிப்பறை இல்லாததால் நம் வயதினர் பலர் மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். "அப்பா, தண்ணி குடிக்காம இருந்துடாதீங்கோ, பஸ் எப்படியும் நிக்கும்" என்று என் மாட்டுப்பெண் வற்புறுத்தியது சரியே. தண்ணீரும் இல்லாமல், காலும் அசையாமல் ஆறேழு மணி நேரம் அமர்ந்தால் கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் உறையக்கூடும். நள்ளிரவில் ஒரு தாபாவில் வண்டி நின்றது. சோம்பல் பாராமல் இறங்கி, பத்து நிமிடம் நடந்தோம். மண் குவளையில் இஞ்சித் தேநீர். சாலையின் மறுபக்கம் கரும்பு வயல் இருப்பதாகச் சொன்னார்கள். மூடுபனியில் சாலையே தெரியவில்லை. அதன் பிறகு ஓட்டுநர் மாட்டுவண்டி வேகத்தில்தான் சென்றார், அதற்காக அவரை எத்தனை வாழ்த்தினாலும் தகும். முன்னிருக்கைப் பையன்கள் ஏன் தாமதம் என்று முணுமுணுத்தார்கள். நானும் இல்லத்தாளும் சகஸ்ரநாமத்தை மனத்துக்குள் இருமுறை முடித்தோம்.

மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு வண்டியின் அடியில் தள்ளிவிடலாகாது, கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பனிப்பிரதேசத்தில் அதை உடலை ஒட்டி, உள்சட்டைப் பையில் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கி.மீ. ஒரே பகலில் சென்றுவிடும் பேருந்துகள் உண்டு. மருத்துவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நாங்கள் வாடகை வண்டி பேசி, ருத்ரபிரயாகையில் ஓர் இரவு தங்கி ஏறினோம். பாகீரதியும் அலகநந்தாவும் கலக்கும் தேவபிரயாகையே பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ரகுநாதர் ஆலயத்துக்குப் படிகள் ஏற வேண்டும். இல்லத்தாள் ஒவ்வொரு படியிலும் நின்று, பேத்தியின் தோளைப் பற்றி ஏறினாள். அந்த ஒரு ஏற்றத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்பால் கர்ணபிரயாகை, நந்தபிரயாகை எல்லாம் கண்ணாடிச் சன்னல் வழியே சேவித்ததோடு சரி. வளைவுகளில் தலைசுற்றிய பேரனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் துணை நின்றது.

ஜோஷிமட் நரசிம்மர் சிறிய திருமேனி. இடக்கரத்தின் மணிக்கட்டு ஆண்டுதோறும் மெலிந்துவருவதாகவும், அது அற்றுவிழும் நாளில் வதரிக்குச் செல்லும் வழியில் ஜயன், விஜயன் என்ற மலைகள் இணைந்து பாதை மூடிவிடுமென்றும், பிறகு தபோவனத்துக்கு அப்பாலுள்ள பவிஷ்ய பத்ரியில்தான் வழிபாடு என்றும் தலத்தார் சொல்கிறார்கள். அங்கேயே சங்கரரின் கத்தியையும் வணங்கினோம். சங்கரர் தவமிருந்ததாகச் சொல்லப்படும் முசுக்கட்டை மரம், கல்பவிருட்சம் என்ற பெயரோடு, ஊரில் இன்றும் நிற்கிறது. வதரியில் திருமேனி தொட்டுப் பூஜிக்கும் ராவல் கேரள நம்பூதிரி என்பது நம்மவர் பலரும் அறிந்ததே. தெற்கின் கை அங்கே ஓயாமல் பணி செய்துவருகிறது.

ஆலயத்திலிருந்து வெளியே வந்தால் வீட்டுச் சுவர்களில் விரிசல்கள். 2023 ஜனவரியில் இந்த ஊர் தாழத் தொடங்கியதைச் செய்திகளில் கண்டிருப்பீர்கள். நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பிளந்தன. மக்கள் குளிரில் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பழைய நிலச்சரிவின் மண்மீதுதான் ஊர் நிற்கிறது, பாறைகளை வெடிவைத்துப் பெயர்க்காதீர்கள், பளுவான கட்டடம் எழுப்பாதீர்கள் என்று 1976-இலேயே மிஸ்ரா குழு எழுதிவைத்தது. கழிவுநீர் வாய்க்கால் சரியாக இல்லாமல் சரிவுக்குள்ளேயே இறங்கிய நீரும் ஒரு காரணம் என்கிறார்கள் வல்லுநர்கள். அருகிலுள்ள நீர்மின் திட்டச் சுரங்கத்தை ஊர்மக்கள் குற்றம் சாட்ட, திட்டத்தார் மறுத்தனர். நரசிம்மரின் மணிக்கட்டைப் பற்றிச் சொன்ன பெரியவர் தம் வீட்டு விரிசலையும் அதே குரலில்தான் சொன்னார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். நாங்கள் சிறு விடுதியொன்றில் இரண்டே அறைகளில் ஆறு பேரும் தங்கி, ஒரு வாளி வெந்நீரில் ஒருவர் குளியலை முடித்துக்கொண்டோம். யாத்திரிகரால் அங்கே செய்ய முடிந்தது அவ்வளவுதான். யாத்திரிகரே வராவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை என்பதும் உண்மை.

ஔலிக்குச் செல்லும் கம்பிவட ஊர்தி அந்த 2023-இலிருந்து நின்றுவிட்டதால், சக்கரத்தில் சங்கிலி பூட்டிய ஜீப்பில் மலைச்சாலை வழியே சென்றோம். நான் கீழ்ச் சரிவில், வெயில் விழும் இடத்தில், அரை நாள் மட்டும் அமர்ந்திருந்தேன். பேரன் விழுந்தான், எழுந்தான், மீண்டும் விழுந்தான். நேர் எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி. சஞ்சீவி தேடிவந்த அனுமன் இளைப்பாறிய இடம் என்று அங்கே ஓர் ஆஞ்சநேயர் கோயிலும் உண்டு. சிகரங்களிடையே துரோணகிரியைக் காட்டினார்கள். தங்கள் மலையைப் பெயர்த்துச் சென்றார் என்பதால் அந்தப் பெயருள்ள கிராமத்தார் இன்றும் அனுமனை வணங்குவதில்லை என்று கேட்டதும், "தாத்தா, திருப்பிக் கொண்டு வெச்சுட்டா கோபம் போயிடுமோ?" என்றான் பேரன்.

மறுநாள் காலை, விஷ்ணுபிரயாகையைத் தாண்டி, இருபது கி.மீ. தொலைவிலுள்ள பாண்டுகேஸ்வரம். யோகத்யான பத்ரி சந்நிதியில் எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான். உத்தவரையும் குபேரரையும் நெருங்கி நின்று சேவிக்க முடிந்தது. வைகாசிக் கூட்டத்தில் வதரியில் இது நடக்குமா என்று இல்லத்தாள் கேட்டாள். நடை சார்த்தும் நாளில் மாணா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளியை நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குச் சாற்றுகிறார்கள். வசந்த பஞ்சமியன்று நரேந்திரநகர் அரண்மனையில் நடை திறக்கும் நாளைக் குறிப்பார்கள். திறந்ததும் அந்தக் கம்பளியின் இழைகளே முதல் பிரசாதம். இதைக் கேட்ட இல்லத்தாள், தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வடக்கே பனி மூடிய பாதையை நோக்கிக் கைகூப்பி நின்றாள். வண்டிக்காரர் இருமுறை குழலூதிய பிறகே திரும்பினாள்.